ஓடாத வண்டிக்கு ஓடும் ஆற்றல் உண்டா?

அமெரிக்காவின் வட எல்லையில் உள்ள மின்னசோட்டா மாநிலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டில் ஏழு மாதம்தான் வேலை. நவம்பரில் பனி விழத் தொடங்கியதும் வண்டிகள் கொட்டகைக்குள் போய்விடும். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அங்கே சாதாரணம். ஏப்ரலில், சாலையில் தூவிய உப்பை மழை கழுவிக்கொண்டு போன பிறகுதான் வண்டிகள் மறுபடி வெளியே வரும். இடைப்பட்ட மாதங்களில் ஒரு வண்டியைக் காட்டி “இது ஓடுமா?” என்று கேட்டால், அதற்கு உரியவர் “ஓடும்” என்பார். ஏப்ரலில் ஸ்டார்ட்டரை அழுத்தும்போது ‘டிக்’ என்ற ஒரே ஒலியோடு எல்லாம் அடங்கிவிட்டால், அவர் சொன்ன சொல் என்ன ஆகிறது? அன்று உண்மையாக இருந்து பிறகு பொய்யானதா, அன்றே பொய்யா?

செயல்படாமல் இருக்கும் பொருளுக்குச் செயலாற்றும் திறன் உண்டா என்பது தத்துவத்தின் மிகப் பழைய வழக்குகளில் ஒன்று. கிரேக்கர்கள் இதை வீடு கட்டும் கொத்தனாரை வைத்து வாதாடினார்கள். இந்தியத் தருக்கவாதிகள் குதிரில் கிடக்கும் விதையை வைத்து வாதாடினார்கள். குளிர்காலத்தைக் கழித்துவிட்டு நிற்கும் மோட்டார் சைக்கிள் இந்த வழக்கில் இவ்விரண்டையும்விட நல்ல சாட்சி. அதன் எந்த உறுப்பு எப்படிக் கெடுகிறது, எதைச் செய்தால் மீள்கிறது என்பதைத் தனித்தனியே சொல்ல முடியும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க நகரான மெகாராவின் மரபைச் சேர்ந்த சிந்தனையாளர்கள் கடுமையான ஒரு நிலைப்பாட்டை எடுத்தார்கள். அந்த மரபு சாக்ரட்டீசின் மாணவர் யூக்ளிடிடம் தொடங்கியது (வடிவியல் நூல் எழுதிய யூக்ளிட் வேறொருவர்). ஒன்று செயல்படும்போது மட்டுமே அதற்கு அந்தச் செயலுக்கான ஆற்றல் உண்டு. செயல் நின்றால் ஆற்றலும் இல்லை என்பது அவர்கள் கூற்று. இதன்படி ஜனவரி வண்டிக்கு ஓடும் ஆற்றல் கிடையாது. ஏப்ரலில் எஞ்சின் பற்றிக்கொள்ளும் கணத்தில்தான் ஆற்றலும் பிறக்கிறது. கேட்டவுடன் விபரீதமாகத் தோன்றினாலும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஓடிக் காட்டுவதைத் தவிர ஓடும் ஆற்றலுக்கு வேறு முழுமையான சான்று எது?

அரிஸ்டாட்டில் தமது ‘மெட்டாபிசிக்ஸ்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் இந்தக் கூற்றை எடுத்துக்கொண்டு மறுக்கிறார். கட்டுமான வேலையை நிறுத்திய கொத்தனார் அந்தக் கணமே தம் கலையை இழந்துவிடுகிறார் என்றால், மறுபடி வேலையைத் தொடங்கும்போது அதை எங்கிருந்து பெற்றார்? கண்ணை மூடினவர் குருடர் என்றால் ஒவ்வொருவரும் நாளுக்குப் பலமுறை குருடராக வேண்டும். இவற்றைவிட ஆழமான மறுப்பு ஒன்றும் உண்டு. இப்போது இல்லாத செயலுக்கு ஆற்றலே இல்லை என்றால், நிற்பது என்றும் நிற்க வேண்டும், கிடப்பது என்றும் கிடக்க வேண்டும். உலகில் மாற்றம் என்பதே நிகழ முடியாது. ஆகவே ஆற்றலும் செயலும் வெவ்வேறு என்று அவர் முடிக்கிறார்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆற்றலிலும் படிகள் உண்டு என்கிறார். மண் இன்னும் சிலையாகக் கூடியது ஆகவில்லை. அது முதலில் வெண்கலமாக வேண்டும். கற்கும் இயல்புள்ள குழந்தையும், இலக்கணம் கற்றுவிட்டு இப்போது அதைப் பயன்படுத்தாமல் இருப்பவரும் ஒரே படியில் இல்லை. இந்தப் பிரிவினை கொட்டகைக்கு நன்றாகப் பொருந்துகிறது. பெட்டியில் பாகம் பாகமாகக் கிடக்கும் எஞ்சின் ஒரு படி, முழுதாகப் பூட்டப்பட்டுக் குளிருக்காக மூடி வைத்த வண்டி அடுத்த படி, பெட்ரோலும் மின்னேற்றமும் காற்றும் நிரம்பி வாசலில் நிற்கும் வண்டி அதற்கும் அடுத்த படி. மூன்றையும் ‘ஓடக்கூடியது’ என்று சொல்லலாம். ஆனால் சொல்வது மூன்று வெவ்வேறு செய்திகள்.

மெகாரா மரபோடு தொடர்புடைய டயோடோரஸ் குரோனஸ் பின்னர் வேறொரு அளவுகோலைக் கொடுத்தார்: இப்போது நடப்பதோ இனி நடக்கப்போவதோ மட்டுமே கூடுவது. அவருடைய மாணவர் ஃபிலோ இதற்கு நேர் எதிர்ப்பக்கம் போனார். பொருளின் தகுதி ஒன்றே போதும், தடை எவ்வளவு பெரிதானாலும் கணக்கில்லை, கடலடியில் கிடக்கும் பதரும் எரியக்கூடியதுதான் என்றார். இருவரையும் சோதிக்க ஒரு வண்டி இருக்கிறது. ராபர்ட் பர்சிக் 1968-இல் மின்னசோட்டாவிலிருந்து மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேற்கே ஓட்டிச் சென்ற 1966ஆம் ஆண்டு ஹோண்டா சூப்பர் ஹாக் அது. அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ 1974-இல் வந்தது. வண்டி 2019-இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. இனி அதை யாரும் ஓட்டப்போவதில்லை என்று வைத்துக்கொண்டால், டயோடோரஸ் கணக்கில் அது ஓட முடியாத வண்டி. ஃபிலோ கணக்கில் எந்தக் குறையும் இல்லாத வண்டி. இரண்டுமே மிகை. டயோடோரஸ் வண்டியைப் பார்க்காமல் வருங்காலத்தைப் பார்க்கிறார். ஃபிலோவோ தடைகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

இந்தியாவில் இதே வழக்கு பௌத்தருக்கும், தருக்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபினருக்கும் இடையே பல நூற்றாண்டு நடந்தது. உள்ளது என்றால் ஏதேனும் ஒரு விளைவை ஆக்குவதாக இருக்க வேண்டும் என்றார் 7ஆம் நூற்றாண்டின் தர்மகீர்த்தி. விக்ரமசீலப் பௌத்த மடத்தில் இருந்த ரத்னகீர்த்தி போன்ற பிற்காலத்தார் அங்கிருந்து கணபங்கத்துக்கு, அதாவது எல்லாம் கணந்தோறும் அழிந்து புதிதாகிறது என்ற முடிவுக்கு, வாதத்தை நடத்திச் சென்றார்கள். குதிரில் உள்ள விதைக்கு முளைக்கும் ஆற்றல் இருந்தால் அது ஏன் முளைக்கவில்லை? ஆற்றல் உள்ளது தாமதிக்காது. முளைக்காததால் குதிரின் விதைக்கு ஆற்றல் இல்லை. வயலில் முளைத்த விதைக்கு இருந்தது. ஒன்றுக்கு ஆற்றல் இருப்பதும் இல்லாதிருப்பதும் முரண் ஆகையால், இரண்டும் ஒரே விதை அல்ல. மெகாரா மரபினரைப் போலவே தொடங்கி, அவர்களைவிட நெடுந்தூரம் போகும் வாதம் இது. ஜனவரி வண்டியும் ஏப்ரல் வண்டியும் ஒரே வண்டி என்பதே இங்கே விழுந்துவிடுகிறது.

நியாய மரபின் விடை எளிமையானது, வலிமையானதும்கூட. விதை தனியே முளையை ஆக்குவதில்லை. மண், நீர், வெப்பம் என்ற துணைக்காரணங்கள் கூடும்போது ஆக்குகிறது. கூடாதபோது சும்மா இருக்கிறது. சும்மா இருப்பது ஆற்றலின்மை ஆகாது, கூட்டம் நிரம்பவில்லை என்பதே அதன் காரணம். மிதிலையின் உதயணர் ‘ஆத்மதத்துவ விவேகம்’ என்ற நூலில் கணபங்கத்தை விரிவாக எதிர்த்தார். தமிழிலும் இந்த வழக்கு நெடுங்காலமாக வாழ்ந்தது. ‘மணிமேகலை’ பௌத்தத்தின் தருக்கத்தையும் காரண காரியச் சங்கிலியையும் தனிக் காதைகளில் விளக்குகிறது. 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் ‘சிவஞான சித்தியார்’ நூலில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில் நால்வகைப் பௌத்தரையும் ஒவ்வொருவராக மறுக்கிறார்.

இனி, கொட்டகைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தத்துவ நூல்களில் கொத்தனாரும் விதையும் சும்மா இருக்கும்போது அவற்றுக்குள் எது எப்படி மாறுகிறது என்று வாதம் கணக்கெடுப்பதில்லை. நிற்கும் வண்டிக்குள் வேலை ஓய்வதே இல்லை.

பெட்ரோல் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் வெளியேறுகின்றன. குளிர்ந்த எஞ்சின் சட்டென்று பற்றிக்கொள்ள உதவுபவை அவைதாம். எஞ்சியது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகிறது. கார்புரேட்டரில் மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் விடும் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. அதை அடைக்க மெல்லிய பிசின்படலமே போதும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நீர் போதிய அளவு சேர்ந்துவிட்டால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும்.

ஈய அமில பேட்டரி யாரும் தொடாமலே மெல்ல மின்னேற்றத்தை இழக்கிறது. குளிரில் இந்த இழப்பு குறைவு என்பது உண்மை. ஆனால் மின்னேற்றம் குறைந்த பேட்டரியின் அமிலம் நீர்த்துப்போயிருக்கும். முழு ஏற்றத்தில் மைனஸ் 50 பாகையிலும் உறையாத அந்தத் திரவம், ஏற்றம் வடிந்தபின் மைனஸ் 10 அளவிலேயே உறைந்து உறையைப் பிளந்துவிடும். உறையாவிட்டாலும், குறைந்த ஏற்றத்தில் நெடுநாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியான படிகமாகப் படியும். பிறகு சார்ஜர் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

டயரில் காற்றழுத்தம் ஒவ்வொரு 5.5 பாகை குளிருக்கும் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. குறையும், மெல்லக் கசிவது தனி. பழைய ஆயிலில் தங்கிய அமிலமும் ஈரமும் பேரிங்குகளை அரிக்கும். அதனால்தான் ஆயிலை வசந்தத்தில் மாற்றுவதைவிட, வண்டியை மூடி வைக்கும் முன்பே மாற்றுவது நல்லது. செயின் துருவேறும், கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டும்.

இந்த விவரங்களை வைத்துப் பார்த்தால் கணபங்க வாதத்துக்கு முதல் சுற்றில் வெற்றி என்று தோன்றும். நிற்கிறது என்று நினைத்தது ஒரு கணமும் நிற்கவில்லை. ஆனால் அந்த வாதம் கேட்பது இதைவிட மிகுதி. மாற்றம் நடந்தது என்பதால் மட்டும் வண்டி வேறாகிவிட்டது என்று ஆகாது. எது மாறியது, எந்த வகையில் மாறியது என்பதே கேள்வி. இதற்கு விடை தேட, இந்தியத் தருக்கத்தின் இன்னொரு புகழ்பெற்ற வழக்கு உதவுகிறது.

நெருப்புக்கு எரிக்கும் ஆற்றல் உண்டு. ஒரு குறிப்பிட்ட மணியை (ரத்தினக் கல்லை) அருகில் வைத்தால் நெருப்பு எரிக்காது என்பது அக்காலத்தில் மீமாம்சை, நியாயம் ஆகிய இரு மரபும் ஒப்புக்கொண்ட எடுத்துக்காட்டு. அதே நெருப்பு, அதே விறகு, எரியவில்லை. அப்படியானால் மறைந்தது எது? வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர் சொன்னார்கள்: சக்தி என்று கண்ணுக்குத் தெரியாத தனிப் பொருள் ஒன்று நெருப்பில் இருக்கிறது, மணி அதைத் தடுத்துவிட்டது. அவர்களுள் பிரபாகரர் வழியினர் சக்தியைத் தனிப் பதார்த்தமாகவே எண்ணினார்கள். நியாய மரபினர் மறுத்தார்கள். தனிச் சக்தி தேவையில்லை. தடை இல்லாதிருத்தல் என்பதையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் போதும். உதயணரின் ‘நியாய குசுமாஞ்சலி’ இந்தப் பக்கம் நின்று வாதாடுகிறது.

மேலைத் தத்துவத்திலும் 20ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி மறுபடி எழுந்தது. கில்பர்ட் ரைல் 1949-இல் வெளியிட்ட நூலில், ஒன்றின் இயல்பைச் சொல்வது ‘இப்படிச் செய்தால் இப்படி ஆகும்’ என்ற நிபந்தனை வாக்கியத்தைச் சொல்வது போன்றதே என்றார். சி. பி. மார்ட்டின் 1994-இல் அதை உலுக்கினார். மின்சாரம் இல்லாத ஒரு கம்பியை யாராவது தொட்டவுடன் மின்சாரம் பாயச்செய்யும் கருவியைக் கற்பனை செய்யச் சொன்னார். ‘தொட்டால் மின்சாரம் பாயும்’ என்ற நிபந்தனை அங்கே உண்மை. ஆனால் தொடாதவரை கம்பிக்கு அந்த ஆற்றல் இல்லை. சோதனையே சோதிக்கும் பொருளை மாற்றிவிடலாம் என்பதுதான் இதன் சாரம்.

கொட்டகையில் இது கற்பனை அன்று. குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஓடுகிறது என்று உறுதி செய்துகொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. எஞ்சின் முழுதாகச் சூடேறும் முன் நிறுத்தினால் அந்த ஆவியின் ஒரு பகுதி ஆயிலிலும் புகைக்குழாயிலும் நீராகப் படிந்து அரிக்கத் தொடங்கும். ஆற்றலை மெய்ப்பிக்கும் செயலே ஆற்றலைக் குறைக்கிறது. ஓடினால்தான் நம்புவேன் என்ற மெகாரா நேர்மைக்கு இங்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரலில் வண்டியை எழுப்பும்போது ஸ்டார்ட்டரைக் கடைசியாகத் தொட வேண்டும் என்பதும் இதனால்தான். எலிக்கூட்டின் துணுக்குகள் எஞ்சினுக்குள் போகலாம். ஆயில் வடிந்து உலர்ந்த உருளைச் சுவரில் பிஸ்டன் உராயலாம். பாதி ஏற்றத்தில் உள்ள பேட்டரி மேலும் வடியலாம். முதலில் பார்த்து, முகர்ந்து, அளக்க வேண்டும். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நல்லது. 12-க்குக் கீழே என்றால் மறுபடி ஏற்ற வேண்டும், ஏற்றியும் நிற்காவிட்டால் புதிது வாங்க வேண்டும். டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடிக்கிறதா என்று பார்த்து, அடித்தால் பழைய பெட்ரோலை வடித்துவிட வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கியதையும் வடிப்பது அவசியம். ஏர் ஃபில்டர் பெட்டி, புகைக்குழாயின் வாய், ஆயில் மட்டம், டயர் அழுத்தம், டயர்ப் பக்கவாட்டின் வெடிப்புகள், செயின் தொய்வு, கேபிள்கள், விளக்குகள் எல்லாம் பார்த்த பிறகு கிளட்சைப் பிடித்துக்கொண்டு, ஐந்து நொடிக்கு மேல் போகாமல், இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரை அழுத்தலாம். எஞ்சின் பற்றியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்கக் கூடாது. ஆயில் மேல்பகுதிக்கு ஏறுவதற்குச் சிறிது நேரம் விட வேண்டும்.

இந்த வரிசையில் கண்டுபிடிக்கப்படும் குறைகள் எல்லாம் ஓரினம் அல்ல. காற்று இல்லாத டயருக்கும் ஏற்றம் குறைந்த பேட்டரிக்கும் துணைக்காரணம்தான் குறைவு, கொடுத்தால் முடிந்தது. எலிக்கூடும், பிசின் அடைத்த ஜெட்டும், அணைத்து வைத்த கில் சுவிட்சும் தடைகள், நீக்கினால் முடிந்தது. இவ்விரண்டிலும் நியாய மரபின் விடை முழுமையாகப் பொருந்துகிறது. வண்டி அதே வண்டி; கூட்டம் நிரம்பாமல் இருந்தது, அவ்வளவே. சல்பேட் ஏறிய தகடும் வெடித்த ரப்பரும் அந்த வகையில் சேரா. அங்கே எதைக் கொடுத்தாலும் எதை நீக்கினாலும் ஆற்றல் திரும்பாது, பொருளே மாறிவிட்டது. பௌத்தர் சொன்னது இந்த இடத்தில் மெய்.

சைவ சித்தாந்தம் இந்த வேறுபாட்டை உயிரைப் பற்றிய கோட்பாட்டிலேயே வைத்திருக்கிறது. உயிருக்கு அறியும் ஆற்றல் உண்டு, அனாதியிலிருந்தே ஆணவ மலம் அதை மறைத்து நிற்கிறது, செம்பில் களிம்புபோல. மறைப்பு வேறு, அழிவு வேறு என்பதை அந்த உவமை கவனமாகக் காக்கிறது. களிம்பு எவ்வளவு ஏறினாலும் கீழே செம்பு இருக்கிறது. வயர் முனையில் பச்சை பூத்து மின்சாரம் போகாமல் நின்ற வண்டியில் இதை அப்படியே காணலாம். கம்பித் தூரிகையால் தேய்த்தால் செம்பும் தெரியும், மின்சாரமும் போகும். உயிரின் ஆற்றல் மறைபடுமே தவிர ஒருபோதும் கெடாது என்பது சித்தாந்தத்தின் உறுதி. உலோகத்துக்கும் ரப்பருக்கும் அத்தகைய உறுதி கிடையாது. அவற்றின் ஆற்றல் மறைபடவும் செய்யும், கெடவும் செய்யும்.

ஆகவே ஜனவரியில் “ஓடும்” என்று சொன்னவரின் சொல்லுக்குத் தீர்ப்பு வழங்க, அந்நாளில் வண்டிக்குள் எது குறைந்திருந்தது, எது கெட்டிருந்தது என்று பார்க்க வேண்டும். குறைந்ததும் தடைபட்டதும் மட்டும் என்றால் சொல் உண்மை, ஏப்ரலில் வண்டி அடங்கினாலும் உண்மை. தகடு கெட்டிருந்தால், எஞ்சினையும் சட்டத்தையும் பற்றி உண்மை, பேட்டரியைப் பற்றிப் பொய். ‘வண்டியின் ஆற்றல்’ என்று ஒன்றாகச் சொன்னது பல பாகங்களின் ஆற்றல்களால் ஆனது. அவை ஒரே வேகத்தில் கெடுவதில்லை. நவம்பரில் ஆயிலை மாற்றி, டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்தைச் சேர்த்து, பேட்டரியைச் சார்ஜரில் இணைத்து வைத்தவர் சொல்லும் “ஓடும்” என்பதற்கும், வண்டியை அப்படியே தள்ளிவிட்டுப் போனவர் சொல்லும் “ஓடும்” என்பதற்கும் எடை ஒன்றல்ல. முன்னவர் செய்த வேலையும் அந்த ஆற்றலின் ஒரு காரணம்.

பொறியின் ஆற்றலோடு சேராத ஒரு ‘முடியும்’ உண்டு. ஜெர்மனியில் 1997 முதல் பருவகால எண்பலகை வழங்கப்படுகிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று மாதங்கள் பலகையிலேயே பொறிக்கப்பட்டிருந்தால், மற்ற மாதங்களில் அந்த வண்டியைப் பொதுச்சாலையில் நிறுத்தி வைக்கவும் கூடாது; வரியும் காப்பீட்டுக் கட்டணமும் பலகையில் உள்ள மாதங்களுக்கு மட்டுமே. எல்லாப் பாகமும் சரியாக இருந்தும் மார்ச் 31 அன்று அது ஓட்டக் கூடாத வண்டி. சட்டம் தருவதும் மறுப்பதும் உரிமையை. ஆற்றல் அதன் கையில் இல்லை.

அரிஸ்டாட்டில் செய்த இன்னொரு பிரிவினை ஓட்டுபவரைப் பற்றியது. அறிவில்லாப் பொருளின் ஆற்றல், ஏற்ற நிபந்தனைகள் கூடித் தடையும் இல்லையென்றால், செயல்பட்டே தீரும். அறிவோடு கூடிய ஆற்றல் இருபக்கமும் போகும்; மருத்துவம் அறிந்தவர் குணமாக்கவும் வல்லவர், கெடுக்கவும் வல்லவர்; எது என்பதை விருப்பம் தீர்மானிக்கிறது. ஆதலால் வண்டி ‘முரண்டு பிடிக்கிறது’ என்று கோபப்படுவதில் பொருளில்லை. எரிபொருள், காற்று, அழுத்தம், உரிய நேரத்தில் தீப்பொறி நான்கும் இருந்தால் அது பற்றியே ஆக வேண்டும். பற்றவில்லை என்றால் நான்கில் ஒன்று இல்லை, தேடினால் அகப்படும்.

ஓட்டுபவரின் திறனும் ஐந்து மாதம் கொட்டகையில்தான் இருந்திருக்கிறது. கற்றதை அவர் இழக்கவில்லை, அரிஸ்டாட்டிலின் கொத்தனாரைப் போல. ஆனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துவது, வளைவில் எங்கே சாய்வது என்ற கையின் அளவு மங்கியிருக்கும். அதற்குச் சார்ஜரும் இல்லை, தூரிகையும் இல்லை. ஆளில்லாத இடத்தில் மெல்ல ஓட்டிப் பழகுவது ஒன்றே வழி. பிரேக் ஆயில் ஈரத்தை இழுப்பது ஆகையால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வாசலைத் தாண்டும் முன் இரு பிரேக்குகளையும் பிடித்துப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டிய மணல் ஏப்ரலிலும் வளைவுகளில் கிடக்கும். முதல் சில நாள் அங்கே வேகத்தைக் குறைத்துச் செல்லுங்கள்.